வருவோருக்கு ஒரு நாற்காலி

ஒரு காலி மனையில் வீடு கட்டப்போகிறார்கள் என்றால் முதலில் சண்டைக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அங்கே குடியிருக்கப்போகிறவர்கள் வரமாட்டார்கள். எப்படி வருவார்கள்? தாங்கள்தான் அங்கே குடிவரப்போகிறோம் என்று அவர்களுக்கே அப்போது தெரியாது. அதனால் என் மாதிரி அதிகாரி முன்னால் எப்போதும் ஒரு கட்சி மட்டும் தொண்டை கிழியக் கத்தும். இன்னொரு கட்சி பிறந்திருக்கவே பிறந்திருக்காது.

நான் கருத்துக் கேட்பு அதிகாரி. பெயர் அபிநயா. ஒரு மனையில் எத்தனை வீடு, எத்தனை மாடி, எவ்வளவு நெருக்கம் என்று முடிவு செய்வது என் வேலை. கேட்பதற்குப் பெரிய அதிகாரம் மாதிரி இருக்கும். நடைமுறையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம்.

இந்த ஒருதலைப் பஞ்சாயத்தைச் சரிசெய்கிறோம் என்றுதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வீடு கேட்டு எழுதிப் போடுகிறவர்கள், தங்கள் போனில் கிடக்கிற வாழ்க்கையைக் கணினி படித்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். எங்கே போகிறார்கள், என்ன வாங்குகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், யாரிடம் பேசாமல் இருக்கிறார்கள் எல்லாவற்றையும். கணினி அதை எடுத்துக்கொண்டு, இன்னும் கட்டாத அந்தக் கட்டடத்தில் அவர்களைப் பத்து வருடம் குடிவைக்கும். பத்து வருடம் என்பது அதற்கு நம்முடைய மதியச் சாப்பாட்டு நேரம். பிறகு அதிலிருந்து ஒரு ஆளைத் திரையில் கொண்டுவந்து உட்கார வைக்கும். அங்கே பத்து வருடம் குப்பை கொட்டியவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே அந்த ஆள் பேசுவார். சட்டத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் ‘வருவோர்’ என்போம்.

திரையைச் சுவரில் மாட்டக்கூடாது, நாற்காலியில்தான் வைக்க வேண்டும் என்று விதி. சபையில் ஒரு ஆளுக்குரிய மரியாதையாம். ஒரு கூட்டத்தில் டீ கொடுத்துக்கொண்டு வந்தவர் திரைக்கு முன்னாலும் ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

கோவைக்கு மேற்கே மயூரா கார்டன் என்று ஒரு காலனி. எல்லாம் தனி வீடுகள், முன்னால் கார், பின்னால் தென்னை. ஒரு மனைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் கூடாது என்பது அந்தப் பகுதிக்குப் பழைய விதி. அதன் மூலையில் மோட்டார் பம்ப் பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. அந்த இடத்தை வாங்கிய சிறிய நிறுவனம் இருபத்து நாலு ஒற்றை அறை வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. விதியைத் தளர்த்தலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

கூட்டம் காலனி சங்கத்தின் ஹாலில், காலை பத்தரைக்கு. உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வேண்டாம் என்கிற கட்சி ஹால் நிறைய இருந்தது. கட்டுகிற நிறுவனத்தின் சார்பில் ஜெனிபர் என்ற பொறியாளர் மட்டும் ஒரு ஓரத்தில், பரீட்சை எழுத வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சங்கத்துக்காகப் பேச எழுந்தவர் மயில்சாமி. செயலாளர். ஸ்பின்னிங் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பட்டறைக்கு நேர் எதிரே அவர் வீடு. மாடியும் கீழுமாக நாலு படுக்கையறை. மனைவி இறந்த பிறகு அதில் அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பதை இடத்தைப் பார்க்கப் போனபோதே தெரிந்துகொண்டேன். நெருக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள் எல்லாருமே தாராளமான இடத்தில் இருப்பார்கள். இது என் அனுபவம்.

“ஏனுங்க மேடம், யாரும் வரக்கூடாதுன்னு நாங்க சொல்லலீங்க. வர்றவங்க குடும்பமா வரட்டும். ஒத்த ரூம்பு கட்டுனா யாருங்க வருவாங்க? தனியாளு வருவாங்க. இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு இருக்கமாட்டாங்க. ஒரு நல்லது கெட்டதுக்கு அவங்களக் கூப்புட முடியுங்களா? சிறுவாணித் தண்ணி இப்பவே முறை வெச்சுத்தான் வருது. இன்னும் இருபத்து நாலு ஊடு வந்தா எங்க போறதுங்க?”

கைதட்டல். தண்ணீர்க் கணக்கை ஜெனிபர் பொறுமையாக விளக்கினாள். கழிவுநீரைச் சுத்தப்படுத்தித் திருப்பி விடுவதில் இரண்டு தனி வீடுகளைவிட இந்த இருபத்து நாலும் பெரிதாக ஒன்றும் கூடுதல் இழுக்காது என்றாள். கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை.

பிறகு நாற்காலியில் இருந்த திரையை இயக்கச் சொன்னேன்.

முப்பத்தைந்து நாற்பது வயதில் ஒரு பெண். பெயர் தேன்மொழி. கணினி வைக்கிற பெயர் எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் வருகிற பெயராகவே இருக்கும். முகமும் அப்படித்தான், எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கும், யாரென்றும் சொல்ல முடியாது. வருவோருக்குக் கேள்வி மட்டும்தான் போகும். கேட்கிறவரின் குரலோ முகமோ போகாது. அது ஒரு பாதுகாப்பு.

மயில்சாமிதான் மைக்கைப் பிடித்தார். வக்கீல் மாதிரி சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

“நீங்க குடும்பமா இருக்கறீங்களா, தனியாவுங்களா?”

“தனியாத்தானுங்க.”

“பத்து வருசமாவா?”

“ஆமாங்க. ரெண்டு வருசம் இருந்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தனுங்க. அப்படியே ஆகிப்போச்சு.”

மயில்சாமி சபையைப் பார்த்து, நான் சொன்னேனா இல்லையா என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

“கோயமுத்தூர்ல எத்தனையோ எடம் இருக்கறப்ப இந்தக் காலனிக்கு ஏனுங்க வந்தீங்க?”

“எங்கப்பா ஊடு பக்கத்துலதானுங்க.”

“பக்கத்துலயே அப்பா ஊடு இருக்கறப்ப எதுக்குங்க ஒத்த ரூம்பு? அங்கயே இருந்துக்கலாமுல்ல?”

இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் ஜெயித்துவிட்ட களை இருந்தது. ஹாலிலும் ஆமாம் ஆமாம் என்று சத்தம்.

“இல்லீங்க, அது சரிப்பட்டு வராதுங்க. எனக்கு இதுதான் புடிச்சிருக்குது. பக்கத்துல இருக்கறேன், உள்ள இல்ல. ரெண்டு பேருக்கும் சௌரியமுங்க.”

“சரி, அப்பாவப் போயிப் பாப்பீங்களா?”

“பாக்கறதுன்னா...” தேன்மொழி கொஞ்சம் யோசித்தாள். கணினி யோசிக்கத் தேவையில்லை. ஆனால் நாம் யோசிக்கிற இடங்களில் அதுவும் நிற்கும். “ஞாயித்துக்கெழம அரிசிம்பருப்புச் சோறு செய்வனுங்க. தேங்காயப் பல்லுப் பல்லாக் கீறி, கடலெண்ணெயில வதக்கிக் கடைசியாப் போடுவேன். எங்கம்மா பண்றது அப்படித்தான். ஒரு தூக்குப் பாத்திரத்துல போட்டு அப்பா ஊட்டுக் காம்பவுண்டுச் செவுத்து மேல வெச்சுட்டு வந்துருவேன். சாயங்காலம் பாத்தா தூக்கு கழுவி அதே எடத்துல இருக்கும்.”

“பேசிக்க மாட்டீங்களா?”

“அதான் தூக்கக் கழுவி வெக்கறாருங்களே.”

மயில்சாமி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னாலிருந்து யாரோ, “பார்க்கிங் பத்திக் கேளுங்க” என்றார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், குரலே மாறிப்போய், “சாப்பாட்டுக்கெல்லாம் ஒண்ணும் தடையில்லாம இருக்குதா அம்மணி?” என்றார்.

ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

“அதெல்லாம் ஒரு கொறையும் இல்லீங்க” என்றாள் தேன்மொழி.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் டீ இடைவேளை விட்டேன்.

செருப்பு விடுகிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், அது எம் பொண்ணுங்க.”

“யாருங்க?”

“அந்த நாற்காலியில இருக்கறது. கனிஷ்கா. மொகத்த மாத்தி வெச்சிருக்கறீங்க, பேர மாத்தி வெச்சிருக்கறீங்க. தேங்காயப் பல்லாக் கீறிக் கடைசியா வதக்கிப் போடறது எங்கூட்டுல மட்டுந்தானுங்க. எங்கூட்டுக்காரி தானாக் கண்டுபுடிச்சது. ஊர்ல வேற ஒருத்தியும் அப்படிப் பண்ணமாட்டா.”

எங்கள் பக்கத்தில் அரிசிம்பருப்பு செய்யாத வீடு கிடையாது. தன் வீட்டில் செய்கிற மாதிரி வேறெங்கும் செய்யமாட்டார்கள் என்று சத்தியம் செய்யாத ஆளும் கிடையாது. என் மாமியார் தேங்காயைப் பல்லாகக் கீறிக் கடைசியில்தான் போடுவார். அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்.

மயில்சாமிக்கு அதைச் சொல்லவில்லை. கனிஷ்கா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

ஓசூரில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று மூன்று வருடத்துக்கு முன்னால் புருஷனை விட்டு வந்துவிட்டாள். வந்தவளிடம் இவர், “முதல்ல அதச் சரிபண்ணிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். காலம் மாறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். மாறாத வீடுகள் எத்தனை என்று என் மாதிரி வீடு வீடாகப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். அப்பாவும் மகளும் அப்புறம் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. எப்போதாவது உடம்பு எப்படி இருக்கிறது என்று போன் வரும், அவ்வளவுதான்.

“பத்து வருசங் கழிச்சும் நான் அவகிட்டப் பேசலையாமா மேடம். தூக்க மட்டும் கழுவி வெக்கறனாமா.” அவர் கண் கலங்கியதை அன்றைக்குப் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

“ஐயா, ஒரு விஷயம் சொல்லிடறேன்” என்றேன். “வருவோர் யாருன்னு அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னு நீங்க சபையில சொன்னீங்கன்னா, விதிப்படி இந்தக் கூட்டமே ரத்து. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கம்பெனி தாங்காது. கட்டடம் வராது.”

“நாங்க ஜெயிச்சமாதிரிங்களா?”

“ஆமாங்க.”

அவர் எதிரே பூட்டிக் கிடந்த பட்டறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஒரே ஆளை வைத்து வருவோரைச் செய்வது சட்டப்படி குற்றம். எப்போதும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக் குழைத்துத்தான் ஒருவரைச் செய்வார்கள். யார் யார் சேர்ந்தது என்று எனக்கே தெரியாது, தெரிந்தாலும் எந்தக் கட்சிக்கும் சொல்லக்கூடாது. சட்டம் என் வாயைக் கட்டியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு அந்தக் கட்டு எனக்கு வசதியாக இருந்தது. வீடு கிடைக்காமல் அலைகிற இருபத்து நாலு பேருக்கு ஒரு கிழவரின் தப்புக் கணக்கால் கூரை கிடைக்கிறதென்றால் கிடைக்கட்டுமே என்று நினைத்தேன்.

இடைவேளை முடிந்ததும் மயில்சாமி எழுந்தார். சங்கத்தின் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஹாலில் அமளி. “என்னங்க செயலாளரே, எவ்வளவு வாங்குனீங்க?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். அந்த மனுஷர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டு, இருபத்து நாலு வீட்டுக்கும் அனுமதி கொடுத்தேன்.

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ரிஸ்வானிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். வருவோரைச் செய்கிற கணினிப் பிரிவில் இருப்பவன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

“மேடம், அந்தத் தேன்மொழியில பதினோரு பொம்பளைங்க இருக்காங்க. பேரு ஊரு எனக்கும் தெரியாது. ஆனா பதினோரு பேருக்கும் அந்தப் பக்கத்துல அப்பா வீடு இருக்கு. அதனாலதான் அவங்க ஒண்ணாச் சேர்ந்தாங்க.”

“பதினோரு பேரும் அப்பா வீட்டுக்குப் பக்கத்துல, ஆனா உள்ள இல்லாம இருக்கணும்னா கேட்டாங்க?”

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். “அப்படிக் கேக்கலை. முக்கால்வாசிப் பேரு அப்பா வீட்டுல இடம் கேட்டுக் கிடைக்காதவங்க. அவங்க பேச்சு, அழுகை, அனுப்பி அழிச்ச மெசேஜ் எல்லாம் உள்ள போகுதுல்ல, அதுல தெரியும்.”

“அப்புறம் ஏன் அவ, எனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு சொன்னா?”

“பத்து வருஷம் ஓட விடறோமே மேடம். முதல் வருஷம் அழுவாங்க. மூணாவது வருஷம் கோபப்படுவாங்க. அஞ்சாறு வருஷத்துல, கிடைச்சதுதான் நான் கேட்டதுன்னு ஆயிடும். கணினி அதுவா எதுவும் இட்டுக்கட்டலை. நிஜமான ஆளுங்க பல லட்சம் பேரு அப்படித்தான் ஆகறாங்க, அதப் பார்த்துத்தான் கத்துக்குச்சு.”

“அப்ப எவ்வளவு நெருக்கமாக் கட்டினாலும்...”

“எவ்வளவு நெருக்கமாக் கட்டினாலும் வருவோர் சந்தோஷமாத்தான் இருப்பாங்க. நீங்க கவனிச்சதில்லையா? இதுவரைக்கும் எந்த வருவோராவது இந்த வீடு வேண்டாம்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒருவர்கூட இல்லை. இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து அறைகள் சின்னதாகிக்கொண்டே வந்திருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே ஒரு குறையும் இல்லீங்க என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைக் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏமாந்தவள் நான்தான் என்று தோன்றியபோது சாப்பாடு இறங்கவில்லை. மேலிடத்துக்கு விவரமாக எழுதினேன். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. கவனம் எங்கே இருக்கிறது, அதில் எதைக் கொள்கிறார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மயில்சாமி மறுபடி வந்தது ஆடி மாதம் கழிந்து. பட்டறை இருந்த இடத்தில் அப்போது இரண்டாம் தளம் எழும்பிவிட்டது. அலுவலக வராந்தாவில் காத்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். செயலாளர் பதவியை விட்டுவிட்டாராம்.

“ஒரு அனுமதி வேணுமுங்க மேடம். எங்கூட்ட ரெண்டாப் பிரிக்கணும். மாடிக்கு வெளியில இருந்து தனியா ஒரு படிக்கட்டு. மேல ஒரு சமையக்கட்டு. தனிக் கதவு.”

“வாடகைக்கு விடவா?”

“இல்லீங்க. பொண்ணுக்கு.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவரே சொல்லத் தொடங்கினார்.

கட்டடம் அஸ்திவாரம் போட்டபோதே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் எதிர்வீட்டுக்கு வரப்போகிறாள் என்று தெரிந்தும் தெரியாதவர் மாதிரி இருக்க முடியவில்லை. சித்திரையில் ஒருநாள் போன் போட்டுவிட்டார்.

“நான் சொன்னனுங்க, அம்மணி, எதுத்தாப்புல அந்த ஊட்டுக்கு எழுதிப் போட்டிருக்கறயாமா, நான் தடை சொல்லலை, வான்னு. அவ, எந்த ஊடுப்பான்னு கேட்டாளுங்க.”

“எந்த வீடுன்னே அவங்களுக்குத் தெரியலையா?” என்றேன்.

“அவ எழுதியே போடலீங்க. அப்படி ஒரு கட்டடம் வர்றதே அவளுக்குத் தெரியலை. நான் வெளக்கிச் சொன்னேன். அப்பறம் கேட்டா: எதுத்தாப்புல எதுக்குப்பா, ஊட்டுக்கு வர்றேன்னுதான மூணு வருசம் முந்தியே கேட்டேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“அப்புறம்?”

“யோசிச்சுட்டேதான் இருந்தனுங்க.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாலு பேரு கேப்பாங்களே மேடம். காலனிக்கு ஒத்தையாளு வேண்டாம்னு சொன்னவன் ஊட்டுலயே வந்து இருக்காளேன்னு. தனிப் படிக்கட்டு இருந்தா, அது வேற ஊடு, அவ பாட்டுக்கு இருக்கறான்னு சொல்லிக்கலாமுல்லீங்க.” அப்புறம் தலையைத் தூக்கினார். “அந்த நாற்காலியில இருந்தது அவ இல்லைன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?”

இதற்கும் பதில் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சட்டத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒளிவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

“அவ மட்டும் இல்லைன்னு தெரியுமுங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ஐயா, வீட்டை ரெண்டாப் பிரிச்சா, விதிக்குள்ள இருந்தாலும் அது நெருக்கத்தைக் கூட்டற விஷயம். கூட்டம் போடணும். வருவோரை உட்கார வைக்கணும். இந்தத் தடவை உங்க பொண்ணைப் போலவே ஒருத்தி உட்கார்ந்து, தனிப் படிக்கட்டுதான் எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுவா. அது நிச்சயம். அதைக் கேட்கவா நீங்க வந்தீங்க?”

நான் வைத்த பேனாவை அவர் மேசையில் நேராக நகர்த்தி வைத்தார்.

“அவங்க உங்ககிட்டக் கேட்டது படிக்கட்டு இல்லீங்களே. வீட்டுக்கு வர்றதுக்கு இந்த ஆபீஸ்ல அனுமதி கிடையாது. அதைக் கொடுக்கற அதிகாரம் உங்ககிட்டத்தான் இருக்கு.”

அவர் மேலே சுற்றுகிற பேனைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என் முன்னாலேயே மகளைக் கூப்பிட்டார். காது சரியாகக் கேட்காததால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இருங்க என்று கையால் காட்டினார்.

“அம்மணி, அப்பா பேசறேன் கண்ணு.”

“சொல்லுங்கப்பா. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல. மாடி ரூம்புல பேன் ஓடறதில்ல. ஆளக் கூப்புட்டு மாத்திரலாம்னு... உனக்கு எந்தக் கலரு வேணும்னு கேக்கலாம்னு கூப்புட்டேன்.”

அவ்வளவுதான் அவருக்கு வந்தது. அதற்கே நெற்றி வியர்த்துவிட்டது. என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும்.

“எதுக்குப்பா வீண் செலவு?” என்றாள் கனிஷ்கா. குரல் தெளிவாக, இதமாக இருந்தது. “நீங்க சொன்னதுக்கப்புறம் நான் அந்த எதுத்த ஊட்டுக்கு எழுதிப் போட்டனே. மூணாவது மாடியில ஒண்ணு எனக்குன்னு சொல்லீட்டாங்க. தை மாசம் சாவி.”

“அதில்ல அம்மணி. நம்ம ஊட்டுக்கே வந்துரு. படிக்கட்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நீ கேட்ட மாதிரியே.”

“அது அப்பக் கேட்டதுப்பா. யோசிச்சுப் பாத்தேன், நீங்க சொன்னதுதான் சரி. நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேணும்னா எட்டிப் பாத்துக்கலாம். எனக்கும் இதுதான் புடிச்சிருக்குது.”

“நெசமாவா சொல்ற?”

“நெசமாத்தான்ப்பா. ரெண்டு பேருக்கும் சௌரியம்.”

“சரி கண்ணு” என்றார் மயில்சாமி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எதற்காகவோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“கோவமில்லீங்களே மேடம்? சந்தோசமாத்தான பேசறா?”

“ஆமாங்க” என்றேன்.

பொய் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் பேசினாள். அஞ்சாறு வருடம் ஆகும் என்று கணினி போட்ட கணக்கு, அவர் யோசித்துக்கொண்டிருந்த நாலே மாதத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னேன்.